பொலோன்யாவில் ஒரே ஒரு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு நடந்து பார்க்க முடியுமா?

நெல்லைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து முதல்முறையாக வந்திருக்கிறார், வயது 64. நவம்பர் முதல் வாரத்தில் இத்தாலியில், ஃபுளோரன்ஸில் மூன்று நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாள் காலையில் கிளம்பி பொலோன்யா பார்த்துவிட்டு இரவு திரும்பலாம் என்று எண்ணம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளமாக இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து ஐந்து கிலோமீட்டர் வரை நடப்பார். படி ஏறினால் மறுநாள் கால் வீங்கிவிடும். சைவம், முட்டை சாப்பிடுவார்.

போன வாரம் ஹைடல்பெர்க் கூட்டிப்போனேன். கோட்டை, பாலம், பழைய வீதி என்று பட்டியலில் இருந்ததை எல்லாம் ஒரே நாளில் காட்டினேன். இரவு கேட்டபோது "நல்லா இருந்துச்சு" என்றார். எது நல்லா இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தப்பை இன்னொரு முறை செய்ய மனமில்லை. பொலோன்யாவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? கோபுரம் ஏற வேண்டுமா? மலைமேல் உள்ள சான் லூக்கா தேவாலயம் போகலாமா? மழை வந்தால் என்ன செய்வது?

பொலோன்யா மாணவன்

வணக்கம் அக்கா. இங்கே இரண்டாவது வருஷம் படிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபுரம்: ஆசினெல்லி கோபுரம் 97 மீட்டர், 498 படி. அம்மா மட்டுமல்ல, இப்போது யாருமே ஏற முடியாது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலை மோசமாகி, 2023 அக்டோபரில் இரண்டையும் மூடிவிட்டார்கள். அதைச் சரிசெய்யப் பல வருஷம் ஆகும். தடுப்புக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

ரயில்: அதிவேக ரயிலில் ஃபுளோரன்ஸிலிருந்து 40 நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த நடைமேடைகள் தரைக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் இருக்கின்றன. மேலே வர லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு, பத்து நிமிஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் அப்படியே, கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்கக் கூடாது.

கழிவறை: பெரிய சதுக்கத்தை ஒட்டி சாலாபோர்சா என்று ஒரு பொது நூலகம். உள்ளே போகக் காசு இல்லை, உட்கார இடமும் உண்டு. கூடத்தின் நடுவே கண்ணாடித் தரை, அதன் கீழே ரோமானியர் காலத்துச் சுவர்கள் தெரியும்.

மழை வந்தால் வரட்டும் அக்கா. இந்த ஊரில் குடை இல்லாமலே பாதி ஊரைச் சுற்றலாம்.

கும்பகோணம் தமிழ் டீச்சர்

மகளே, என் பெண் வயதுதான் இருப்பாய், அதனால் "நீ" என்றே எழுதுகிறேன். எனக்கு 69 வயது. என் மகள் பொலோன்யாவில் ஆய்வு செய்தபோது இரண்டு தடவை போய், இரண்டையும் சேர்த்தால் ஐந்து மாதம் அங்கே இருந்தேன். எனக்கும் முழங்கால் தகராறுதான். மகள் ஆய்வகம் போனதும் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஐந்து மாதமும் நடந்தேன். அந்த ஊர் என்னை நடக்கவிட்டது.

காரணம் அதன் போர்ட்டிகோக்கள். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளின் மேல்மாடி முன்னே நீண்டு, தூண்கள் அதைத் தாங்க, கீழே ஓடும் தாழ்வாரம். கிட்டத்தட்ட நம் திண்ணையை அறுக்காமல் தெரு நெடுகத் தைத்துவிட்டது போல. பழைய நகருக்குள்ளும் அதற்கு வெளியிலும் எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். இடைக்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு வந்து குவிந்த மாணவர்களுக்கு இடம் போதாமல் மேல்மாடியை வெளியே நீட்டிக் கட்டினார்கள். நீட்டியதைத் தாங்கத் தூண் நட்டார்கள். மற்ற ஊர்களில் தெருவை அடைக்கிறது என்று இடித்துத் தள்ளிய காலத்தில், 1288இல் இந்த ஊர் புதுவீடு கட்டுகிறவர் போர்ட்டிகோவோடுதான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, நடக்கும் உரிமை எல்லோருக்கும். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சொந்தச் சுவருக்குள் வழிப்போக்கருக்கு இடம் ஒதுக்கி, எழுநூறு ஆண்டுக்கு மேல் அதைக் காப்பாற்றிய ஊர் இது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

ஒரே எச்சரிக்கை. பல தாழ்வாரங்களின் தரை வழவழவென்று மெருகேற்றிய சலவைக்கல் துண்டுகளால் ஆனது. மழைநாளில் நடப்பவர்களின் செருப்போடு ஈரம் உள்ளே வந்து, தரை எண்ணெய் பூசியது போல வழுக்கும். நான் ஒரு முறை விழுந்து மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப்போட்டிருந்தேன். அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ வாங்கிக்கொடு. மற்றதெல்லாம் பிறகு.

இனி நாளைச் சொல்கிறேன். இந்த ஒரு நாளில் இரண்டே இடத்துக்கு நேரம் கொடு. ஒன்று, நண்பகலில் சான் பெத்ரோனியோ தேவாலயம். இன்னொன்று, சாந்தா மரியா தெல்லா வீதா தேவாலயம். மீதி எல்லாம் போகிற வழியில் வந்தால் பார், வராவிட்டால் விடு.

காலை ஒன்பதரைக்கு ரயில் நிலையம் வந்துவிடு. வெளியே வந்ததும் முகப்புச் சுவரில் 10:25இல் நிற்கும் கடிகாரத்தைப் பார்ப்பாய். 1980 ஆகஸ்ட் 2 அன்று இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். கோடை விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த அறைச் சுவரில் ஒரு பிளவை அப்படியே விட்டு, பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்று போங்கள்.

அங்கிருந்து இந்திபெந்தென்சா வீதி வழியே நேராகப் பெரிய சதுக்கம். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான், ஏறக்குறைய முழுக்கப் போர்ட்டிகோவின் கீழே. வழியில் ஒரு பாரில் நின்று காபி குடி. மேஜையில் உட்கார்ந்தால் கூடுதல் காசு வாங்கலாம். அம்மாவுக்காகக் கொடு, அந்தக் காசில் கால் மணி நேர ஓய்வும் கழிவறையும் சேர்ந்து கிடைக்கும். இடப்பக்கம் கொஞ்சம் விலகினால் பியெல்லா வீதியில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், திறந்தால் வீடுகளுக்கு நடுவே கால்வாய் தெரியும். கூட்டம் வரிசை கட்டி நின்றால் விட்டுவிடு.

சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்று இருக்கிறது, சிற்பி ஜம்போலோன்யாவின் வேலை, போகிற போக்கில் பார்த்தால் போதும். அதற்குப் பின்னால் நூலகச் சுவரில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்துப் போராடி உயிர்விட்ட இந்த ஊர்க்காரர்களின் படங்கள், இரண்டாயிரத்துக்கு மேல், வரிசை வரிசையாகச் சிறு சிறு முகங்கள். நம் வீடுகளில் கூடத்துச் சுவரில் மாட்டியிருப்போமே, அந்த மாதிரிப் படங்கள்.

பதினொன்று நாற்பதுக்குள் சான் பெத்ரோனியோவுக்குள் போய்விடு. பெரிய பை கொண்டுபோகாதே, வாசலில் பிரச்சினை வரும். 1390இல் தொடங்கிய தேவாலயம், முகப்பின் கீழ்ப்பாதியில் மட்டும் சலவைக்கல் பதித்து, மேல்பாதி இன்றும் வெறும் செங்கல். உள்ளே போனதும் இடப்பக்கத் தாழ்வாரத் தரையைப் பார். வாசல் பக்கமிருந்து உள்நோக்கி, தூண்களுக்கு இடையே சாய்வாக ஒரு பித்தளைக் கோடு ஓடும். நீளம் ஏறக்குறைய 67 மீட்டர். 1655இல் வானியலாளர் காசினி அமைத்தது. 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே வரும் சூரிய ஒளி தரையில் வட்டமாக விழும். சூரியன் சரியாக உச்சிக்கு வரும் நொடியில் அந்த ஒளி கோட்டின் மேல் வந்து நிற்கும். வருஷத்தின் எந்த நாளிலும்.

கடிகாரம் காட்டும் 12 மணி வேறு, சூரியனின் உச்சி வேளை வேறு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் இங்கே உச்சி வேளை பெரும்பாலும் ஒரு மணியைத் தாண்டிவிடும். பிப்ரவரியில் பன்னிரண்டரையை நெருங்கும். நீ போகிற நவம்பர் முதல் வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சேர்கின்றன: 11:58. நானும் அதே வாரத்தில்தான் பார்த்தேன். குளிர்காலம் நெருங்க நெருங்கச் சூரியன் தாழ்ந்து, ஒளி துளைக்கு நேர் கீழிருந்து விலகி வாசல் பக்கம் நீளும். அப்போது அது வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். ஓரங்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். முதலில் கோட்டுக்கு மேற்கே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டைத் தொட்டது, ஏறியது, தாண்டியது. மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பூமி சுழல்கிறது என்று கேட்டுக்கொண்டே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். அது சுழல்வதைத் தரையில் கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்த ஒளியின் அகலம் கோடையிலும் குளிரிலும் எப்படி மாறுகிறது என்று அளந்து, கோள்களின் ஓட்டம் பற்றிக் கெப்ளர் சொன்னதற்குச் சாட்சி கண்டார் காசினி. வெறும் ஒரு துளையும் ஒரு கோடும்!

கோட்டின் ஓரத்தில் இராசிச் சின்னங்களும் இருக்கும். அம்மாவுக்கு விருச்சிகத்தைக் காட்டு. அந்த ஒளி அதைக் கடந்துதான் தனுசை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. அதற்குத் தயாராகப் போ.

மதியச் சாப்பாடு. இங்கே கவனம். தோர்தெல்லீனி என்பது சின்னது, உள்ளே பன்றிக்கறி, கறிச்சாற்றில் மிதந்து வரும். தோர்தெல்லோனி பெரியது, வழக்கமாக உள்ளே ரிக்கோத்தா என்ற பால்கட்டி, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். ஓர் எழுத்து வித்தியாசம். ஓர் உணவகத்தில் கறி வேண்டாம் என்று சைகையில் சொல்லி, தலையாட்டியவர் கொண்டுவந்தது சின்னதை. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகே மகள் வந்து பார்த்துச் சொன்னாள். அன்று முழுவதும் மனசு சரியில்லை. "சென்சா கார்னே" என்று வாயால் சொல், கறி இல்லாமல் என்று அர்த்தம். சாறும் கறிச்சாறா என்று கேட்டுவிடு. பச்சை நிற லசான்யாவைப் பார்த்துக் கீரை என்று ஏமாறாதே, மாவில்தான் கீரை, அடுக்கில் கொத்துக்கறி. அம்மா மிகக் கண்டிப்பான சைவம் என்றால் பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் கூடாது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் அதை உறைய வைக்கிறார்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா எங்கேயும் கிடைக்கும்.

சாப்பிட்டபின் கிளவாத்தூரே வீதியில் சாந்தா மரியா தெல்லா வீதா. சதுக்கத்திலிருந்து மூன்று நிமிடம். திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள். பதினைந்தாம் நூற்றாண்டில் நிக்கோலோ தெல்லார்க்கா சுடுமண்ணில் செய்த ஆறு பேர், நடுவே கிடத்திய ஏசு. ஆள் உயரம். வலப்பக்கம் மகதலேனா மரியா ஓடி வருகிறாள். முகத்திரையும் ஆடையும் காற்றில் பின்னால் பறக்க, வாய் திறந்து, கத்துகிறாள். சலவைக்கல்லில் அழகாகக் கண்ணீர்விடும் பெண்களை இத்தாலி முழுக்கப் பார்த்துவிட்டேன். இவர்கள் அப்படி அல்ல. சேதி கேட்டுத் தெருமுனையிலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவரும் பெண்ணை இழவு வீட்டு வாசலில் பார்த்திருப்போம், அவள்தான் இவள். அங்கே ஒரு நாற்காலி கிடைத்தால் அம்மாவை உட்காரவை. நீ எதையும் விளக்கிச் சொல்லாதே. எவ்வளவு நேரம் என்று அவர் முடிவு செய்யட்டும்.

பிறகு இரண்டு கோபுரங்களைத் தாண்டி ஸ்திராதா மஜ்ஜோரே வீதியில் இசோலானி வீடு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஓக் மரத்தூண்கள், ஒன்பது மீட்டர் உயரம், இன்னும் வீட்டைத் தாங்குகின்றன. அந்த வீட்டுக்குள் புகுந்து போகும் வழி ஒன்று மறுபக்கம் சாந்தோ ஸ்தேஃபனோ சதுக்கத்தில் விடும். அங்கே தரை முழுக்க உருண்டைக் கூழாங்கல், அம்மாவுக்கு ஆகாது. ஓரத்துப் போர்ட்டிகோவிலேயே நடங்கள்.

சான் லூக்காவை இந்த முறை விட்டுவிடு. 666 வளைவுகள், 3.8 கிலோமீட்டர் போர்ட்டிகோ, கடைசிப் பாதி ஏற்றமும் படியும். சதுக்கத்திலிருந்து குட்டி ரயில் வண்டி மேலே போகிறதுதான், ஆனால் அரை நாள் அதற்கே போய்விடும். கதையை மட்டும் அம்மாவிடம் சொல். 1433இல் விடாத மழை பயிரை அழிக்கப் பார்த்தது. மலைமேலிருந்த மாதா படத்தை ஊர்வலமாகக் கீழே கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்கிறார்கள். நாம் மழை வர வேண்டி ஊர்வலம் போவோம், அவர்கள் மழை நிற்க. இன்றும் ஒவ்வொரு மே மாதமும் அந்தப் படம் கீழே இறங்கி வருகிறது. ஊர்வலம் நனையாமல் போகத்தான் அத்தனை நீளத்துக்கு வளைவு கட்டினார்கள்.

ரயில்பிரியன்

டீச்சர் சொன்னது அருமை. ஆனாலும் கேட்டவர் யோசிக்கட்டும் என்று சொல்கிறேன்: மொத்த ஊரும் சமதளம், படியே இல்லை என்றால் அது ரவென்னாதான். 547இல் திருநிலைப்படுத்திய சான் விதாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியன், பேரரசி தியோதோரா மொசைக்குகள். பக்கத்திலேயே கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபம், அந்த நீலக் கூரையைப் பார்த்தவர் மறக்க மாட்டார். கவிஞர் தாந்தேயின் கல்லறையும் நடை தூரத்தில். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல ஊர் உண்டா?

கும்பகோணம் தமிழ் டீச்சர்

ரவென்னா பற்றி ஒரு சொல்லும் மறுக்க மாட்டேன் தம்பி. ஆனால் ஃபுளோரன்ஸிலிருந்து பொலோன்யா வந்து வண்டி மாறி, மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, அவ்வளவு நேரம் மடக்கி உட்கார்ந்தாலும் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அங்கே ஓர் இரவு தங்குவதாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி.

ரவென்னா என்றதும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது. நம் வீரமாமுனிவர், அதாவது கான்ஸ்தான்சோ பெஸ்கி, ரவென்னாவிலும் பொலோன்யாவிலும் பயின்றவர். இந்தத் தாழ்வாரங்களில் நடந்துவிட்டுத்தான் கப்பலேறி 1711இல் மதுரை வந்தார். ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இரட்டைக்கொம்பு கொடுத்து நாம் இன்று எழுதும் முறையைத் தந்தவர். காஸ்திலியோனே வீதியில் சாந்தா லூச்சியா என்று, செங்கல் முகப்பு முடிக்கப்படாமல் நிற்கும் பெரிய கட்டடம், அவர் சார்ந்த யேசு சபையாரின் தேவாலயமாக இருந்தது. இப்போது பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபம். சாந்தோ ஸ்தேஃபனோவிலிருந்து சில நிமிட நடைதான். வகுப்பில் இரட்டைக்கொம்பு எழுதிப்போடும்போதெல்லாம் அவர் பெயரைச் சொன்னவள் நான். அந்தச் சுவரெதிரே நின்றபோது கை கூப்பிவிட்டேன். பாளையங்கோட்டை அம்மாவுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது.

நெல்லைக்காரி

போய்வந்தோம். எல்லோருக்கும் நன்றி, டீச்சருக்குத் தனியாக.

காலையிலிருந்து தூறல். ரயில் நிலையம் முதல் சதுக்கம் வரை குடையை விரிக்கவில்லை. சான் பெத்ரோனியோவில் 11:40இலிருந்து கோட்டருகே நின்றோம், சூரியன் வரவில்லை. எங்களோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், 12:05க்குக் கலைந்தார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. விருச்சிகம் எங்கே, மகரம் எங்கே என்று கோட்டின் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டார். தோர்தெல்லோனி கிடைத்தது. "வெண்ணெய் ஜாஸ்தி" என்றார், ஆனால் முழுத்தட்டும் சாப்பிட்டார்.

சுடுமண் சிலைகளுக்கு முன்னால் நாற்பது நிமிடம். நான் வாயைத் திறக்கவில்லை டீச்சர். வெளியே வரும்போது, என் சின்னத்தாத்தா இறந்த அன்று ஆச்சி இப்படித்தான் ஓடி வந்தாள் என்று சொன்னார். ஆச்சியைப் பற்றி அம்மா அதற்குமுன் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. கோபுரம் வரை பேசிக்கொண்டே வந்தார். சாந்தா லூச்சியாவுக்கும் போனோம், அம்மாதான் வழி கேட்டுக் கேட்டு நடத்திக்கொண்டு போனார். மறுநாள் கால் வீங்கவில்லை.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். சதுக்கத்தில் போதெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். நான்கு மூலைத் தூண்கள். ஒருவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெல்லப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். தொழுநோயாளிகள் பாதிரியாருக்கு நெருங்காமல் பாவமன்னிப்புக் கேட்ட இடம் என்று அங்கே சொல்கிறார்கள். மாலை ரயிலுக்கு முன் அம்மாவை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு நான் எதிர்மூலைக்குப் போனேன். நடுவே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்குள்ளிருந்து வருவது போல அம்மாவின் குரல்:

"ஏட்டி, அந்தக் கோட்டைக்குப் போன அன்னைக்கு கால் ரொம்ப வலிச்சுது. நீ ஆசையா கூட்டிட்டுப் போனியேன்னு சொல்லல. இன்னைக்கு வலிக்கல, பாத்துக்க."